நோயின் தொடக்கத்தைத் தட்டில் பார்ப்பது

கல்லீரலில் கோளாறு என்றால் ஊசியால் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். சிறுநீரகத்தையும் தோலையும் எலும்பு மஜ்ஜையையும் அப்படியே பார்க்கலாம். தண்டுவடத்தில் நலிந்துகொண்டிருக்கும் ஒரு நரம்பணுவை அப்படி எடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். எடுத்தால் அந்த மனிதரின் கையோ காலோ செயலிழந்துவிடும்.

அதனால் நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் நோய்களைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, இறந்தவர்களின் குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகளும் தண்டுவடங்களும் கற்றுத் தந்தது. அந்தத் தானத்தின் அருமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நாம் தேடும் செல் அங்கே இருப்பதில்லை. அது பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்து, சுற்றியுள்ள செல்களால் அப்புறப்படுத்தப்பட்டிருக்கும். எஞ்சியிருப்பவை நோயிலிருந்து தப்பியவை, அல்லது கடைசிக் கட்டத்தில் இருந்தவை. முதன்முதலில் எது பழுதானது என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் தோலிலிருந்தும், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை உருவாக்கி, அவற்றை நரம்பணுக்களாக வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். குறிப்பாக, தசைகளை அசைக்கும் இயக்க நரம்பணுக்கள். ஏ.எல்.எஸ். என்ற நோயில் சாகும் செல்கள் இவைதான். கையில் பொருள் நழுவுவதிலோ கால் இடறுவதிலோ நாக்கு குழறுவதிலோ தொடங்கி, சில ஆண்டுகளில் மூச்சுத் தசைகள்வரை வந்துவிடும் நோய் அது. என் சித்தப்பாவுக்கு அந்த நோய் என்று உறுதியானபோது, அவருடைய மகள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீ வளர்க்கும் அந்தச் செல்களை அப்பாவுக்கு ஊசியாகப் போட முடியாதா?"

"முடியாதும்மா."

"பிறகு எதற்காகத்தான் அவற்றை வளர்க்கிறீர்கள்?"

கோபத்தில் கேட்ட கேள்வி என்றாலும் நியாயமான கேள்வி. அவளுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஏன் ஊசியாகப் போட முடியாது என்பது. இயக்க நரம்பணுவின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்ற இழை, பாதம்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடிக் குறிப்பிட்ட தசையைத் தொடுகிறது. கருவில் உடல் மிகச் சிறியதாக இருக்கும்போதே அந்த இணைப்பு ஏற்பட்டு, பிறகு உடலோடு சேர்ந்து நீள்கிறது. வளர்ந்த ஒருவரின் தண்டுவடத்தில் புதுச் செல்லை வைத்தால், அது அவ்வளவு தூரம் வழி கண்டுபிடித்து, சரியான தசையைச் சேர்ந்து, மூளையின் கட்டளையையும் பெற வேண்டும். நோயாளிக்கு அவ்வளவு காலம் இல்லை. பார்க்கின்சன் நோயின் நிலை வேறு. அங்கே இழப்பது முக்கியமாக ஒரே வகைச் செல். அது டோபமைன் என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்க வேண்டிய இடமும் குறுகிய இடம். அதனால்தான் அங்கே செல் மாற்றும் சிகிச்சை முன்னேறியிருக்கிறது. கியோட்டோவில் 7 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவுகளும், வட அமெரிக்காவில் 12 பேரிடம் செய்த இன்னொரு சோதனையின் முடிவுகளும் 2025-இல் வெளிவந்தன. இரண்டும் முதலில் பாதுகாப்பைச் சோதித்தவை; செல்கள் உயிர்பிழைத்து டோபமைன் உண்டாக்கியதற்கான சான்றும் கிடைத்தது. அந்த நம்பிக்கையை எடுத்து வந்து, எந்தச் செல் என்றுகூடச் சொல்லாமல் முதுகில் ஊசி போடுகிறவர்களிடம் பணத்தையும் உடலையும் ஒப்படைத்துவிடாதீர்கள். பக்கவாதத்துக்காகப் பல நாடுகளுக்குச் சென்று அப்படி ஊசி போட்டுக்கொண்ட 66 வயது மனிதர் ஒருவரின் தண்டுவடத்தில், அவருடையதல்லாத செல்கள் கட்டியாகப் பெருகியிருந்ததை 2016-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

சரி, எதற்காக வளர்க்கிறோம்?

நோய் தொடங்கும் கணத்தைப் பார்க்க. அந்த மனிதரின் அதே மரபணுக்கள் கொண்ட, அதே வகை நரம்பணுவில், அது இன்னும் நலமாக இருக்கும்போதே தொடங்கி, நாள்தோறும் பக்கத்தில் இருந்து பார்க்க. இதற்கு வேறு வழி இருந்ததில்லை.

இது சாத்தியமானதற்கு 2006-இல் நடந்த ஒரு காரியம் காரணம். ஷின்யா யமனாக்காவும் கசுதோஷி தகாஹாஷியும் 24 மரபணுக்களை வைத்துக்கொண்டு தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, நான்கே போதும் என்று கண்டார்கள். அந்த நான்கையும் எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தினால் அது தன் பழைய அடையாளத்தை விட்டு, கருவின் தொடக்கக் காலச் செல்லைப்போல, எந்தச் செல்லாகவும் மாறக்கூடியதாக ஆகிவிடுகிறது. 2007-இல் மனிதத் தோல் செல்லிலும் அதைச் செய்து காட்டினார்கள். 2012 நோபல் பரிசை யமனாக்காவோடு ஜான் குர்டனும் பகிர்ந்துகொண்டார். வளர்ந்த செல்லின் உட்கருவுக்குள்ளும் முழு உயிரை உருவாக்கும் குறிப்புகள் அழியாமல் இருக்கின்றன என்று தவளைகளைக் கொண்டு 1962-லேயே நிறுவியவர் அவர்.

மனிதச் செல்லில் செய்து காட்டிய மறு ஆண்டே, 2008-இல், ஏ.எல்.எஸ். கொண்ட 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தோலிலிருந்து இயக்க நரம்பணுக்களை உருவாக்கிவிட்டார்கள். ஹார்வர்டில் கெவின் எக்கன் குழுவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்தது. அந்தக் கட்டுரையில் நோயைப் பற்றிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. "செய்ய முடிகிறது" என்பது மட்டுமே செய்தி. 82 ஆண்டுகள் வாழ்ந்த உடலின் தோலிலிருந்து அவருடைய தண்டுவடச் செல்லையே மீண்டும் உண்டாக்க முடிகிறது என்பதை இன்று படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

எப்படி உண்டாக்குகிறோம் என்றால், கரு செய்வதையே ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் செய்கிறோம். முதலில் இரண்டு வேதிப்பொருள்களால் இரண்டு சமிக்ஞைகளை அடைக்கிறோம். அடைத்தால் ஸ்டெம் செல் நரம்புத் திசுவாகும் பாதையில் இறங்குகிறது. இந்த எளிய வழி 2009-இல் லாரன்ஸ் ஸ்டூடரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அப்படியே விட்டால் மூளையின் முன்பகுதிச் செல்லாகத்தான் ஆகும். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்தால், "நீ தலையில் இல்லை, கீழே தண்டுவடத்தில் இருக்கிறாய்" என்று அதற்குப் புரிகிறது. கருவில் தண்டுவடத்தின் வயிற்றுப்புறத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞையைப் போலச் செயல்படும் இன்னொரு பொருளைச் சேர்த்தால், இயக்க நரம்பணுக்கள் பிறக்கும் மூலைக்கு அது வந்து சேர்கிறது. சில வாரங்களில், 37 டிகிரி வெப்பத்தில், தட்டின் அடியில் இழைகள் விரிகின்றன.

ஸ்டெம் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அநேகமாகத் தினமும் செல்கள் வாழும் சத்துநீரான ஊடகத்தில் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில் சில செல்கள் தாமாகவே வேறு எதுவாகவோ மாறத் தொடங்கும். அவற்றைத் தேடிச் சுரண்டி எடுக்க வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் கொத்துக்கொத்தாகச் செத்துப்போகும். அதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். இயக்க நரம்பணுக்களின் சிக்கல் வேறு மாதிரியானது. நன்றாக வளர்கின்றன என்று நாம் மகிழும் நேரத்தில், அவை ஒன்றையொன்று இழுத்துக் கட்டிகளாகச் சேர்ந்து, ஒரு காலையில் தாள்போல அப்படியே தட்டிலிருந்து உரிந்து மிதக்கும். பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். இந்தத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள்.

இனி, என்ன பார்த்தோம் என்பதற்கு வருகிறேன். பலவற்றைச் சொல்லலாம் என்றாலும், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

ஏ.எல்.எஸ். நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தினரின் நரம்பணுக்களில் ஒரே காட்சி தெரிகிறது. டி.டி.பி.-43 என்ற புரதம், தான் இருக்க வேண்டிய செல்லின் உட்கருவை விட்டு வெளியேறி, வெளியே திரண்டு கட்டியாகக் கிடக்கிறது. இது 2006-இல் தெரியவந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த கேள்வி: இதனால் செல்லுக்கு என்ன கேடு? வெளியே திரண்ட கட்டி நஞ்சாகிறதா, அல்லது உள்ளே அந்தப் புரதம் இல்லாமல் போனதுதான் தொல்லையா?

மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ., அப்படியே பயன்படுவதில்லை. நடுவே வரும் வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்து, வேண்டியவற்றை ஒட்டிய பிறகுதான் அதைப் படித்துப் புரதம் செய்கிறது செல். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியில் அடித்தல்களை நீக்குவதைப் போன்ற வேலை. டி.டி.பி.-43 அந்தத் திருத்துநர்களில் ஒருவர். சில இடங்களில், வேண்டிய பகுதிபோலத் தோற்றமளிக்கும் போலித் துண்டுகள் இருக்கின்றன. டி.டி.பி.-43 அவற்றின்மீது உட்கார்ந்து மறைத்துக்கொள்கிறது.

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இயக்க நரம்பணுக்களில் டி.டி.பி.-43-ஐக் குறைத்துவிட்டு, எந்தெந்த ஆர்.என்.ஏ. மாறுகிறது என்று எக்கன் குழு பட்டியலெடுத்தது. மிகக் கடுமையாகச் சரிந்தவற்றில் ஒன்று, ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தி. வேறொரு குழுவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கட்டுரைகளும் 2019-இல் வெளிவந்தன. டி.டி.பி.-43 இல்லாதபோது ஸ்டாத்மின்-2 செய்தியில் போலித் துண்டு ஒன்று நுழைகிறது. செய்தி அங்கேயே முறிந்து, முழுப் புரதம் உருவாவதில்லை. அந்தப் புரதம் என்ன செய்கிறது தெரியுமா? அறுந்த ஆக்சான் மீண்டும் வளர உதவுகிறது. ஒரு மீட்டர் நீள இழையை வாழ்நாள் முழுதும் காத்துப் பழுதுபார்க்க வேண்டிய செல், பழுதுபார்க்கும் கருவியையே இழந்து நிற்கிறது. தட்டில் ஆக்சான்களை அறுத்துவிட்டால் இந்தச் செல்களால் திரும்ப வளர்க்க முடியவில்லை. ஸ்டாத்மின்-2-ஐத் திருப்பிக் கொடுத்தால் வளர்க்கின்றன. அதன்பிறகு தானமாகக் கிடைத்த தண்டுவடங்களில் தேடினார்கள். நோயாளிகளிடம் அதே போலித் துண்டு இருந்தது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, அந்தப் போலித் துண்டு எலிகளின் மரபணுவில் இல்லை என்பதுதான். எத்தனை ஆயிரம் எலிகளை எத்தனை ஆண்டுகள் ஆராய்ந்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. மனித நரம்பணு தேவைப்பட்டது. உயிருள்ள மனித இயக்க நரம்பணுவைத் தட்டில் வளர்த்துத்தான் பெற முடியும்.

2022-இல் அடுத்தது வந்தது. யு.என்.சி.13.ஏ என்ற மரபணுவில் சில வேறுபாடுகள் உள்ளவர்களுக்கு ஏ.எல்.எஸ். வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பது 2009 முதல் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அந்த வேறுபாடுகள் அமைந்திருக்கும் இடத்திலேயே ஒரு போலித் துண்டு இருப்பதும், டி.டி.பி.-43 விலகியதும் அது செய்திக்குள் நுழைவதும் இரண்டு குழுக்களின் ஆய்வில் தெரியவந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பணுக்கள் அந்த ஆய்வுகளிலும் இருந்தன. போலித் துண்டை மறைத்து ஸ்டாத்மின்-2-ஐ மீட்க முயலும் மருந்து இப்போது மனிதர்களிடம் சோதனைக்கு வந்துவிட்டது. பலிக்குமா என்பது சோதனை முடிந்தால்தான் தெரியும். ஆனால் எங்கே குறிவைக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு எய்த அம்பு இது.

எலிகளைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இயக்க நரம்பணுக்களை அழித்துக் குழந்தைகளைத் தாக்கும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் மருந்து, மனித மரபணு சேர்க்கப்பட்ட எலிகளின் வழியாகத்தான் வந்தது. ஆனால் ஏ.எல்.எஸ். ஆய்வில் பல ஆண்டுகள் ஏறத்தாழ எல்லோரும் நம்பியிருந்தது, 1994-இல் உருவாக்கப்பட்ட எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பிழை கொண்ட எலியை. அந்த மரபணுக் கோளாறு எல்லா ஏ.எல்.எஸ். நோயாளிகளிலும் சுமார் 2 சதவீதத்தினரிடம் மட்டுமே இருக்கிறது. அவர்களிடம் பொதுவாக டி.டி.பி.-43 கட்டிகள் இருப்பதுமில்லை. அந்த எலிகளுக்கு உதவிய மினோசைக்ளின் என்ற மருந்தை 412 நோயாளிகளிடம் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவு அது. நம்பி வந்தவர்களுக்கு நடந்த கொடுமை என்றே அதைச் சொல்வேன், யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்றாலும்.

அதற்காக, தட்டில் தெரிவதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் என் துறையினரோடு சற்று கடுமையாகப் பேச விரும்புகிறேன்.

நோயாளி ஒருவரின் நரம்பணுவையும், நோயில்லாத யாரோ ஒருவரின் நரம்பணுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாமல் இருக்காது. இரண்டு மனிதர்களுக்கு இடையே மரபணுக்களில் லட்சக்கணக்கான இடங்களில் வேறுபாடு உண்டு. ஒருவர் தோலிலிருந்து வந்தவர், மற்றவர் ரத்தத்திலிருந்து. ஒரு தட்டைச் செவ்வாயன்று தொடங்கினோம், மற்றதை வெள்ளியன்று. இப்படிக் கிடைத்த வேறுபாட்டை "நோய்" என்று பெயரிட்டு வெளியிட்ட கட்டுரைகள் தொடக்க ஆண்டுகளில் ஏராளம். அவற்றில் எத்தனை நிலைத்தன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இதற்கு நேர்மையான மாற்று இருக்கிறது. நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு நோய்க்குக் காரணமான அந்த ஒரு பிழையை மட்டும் திருத்துவது. மற்ற எல்லாம் அவருடையதே. திருத்தியதும் திருத்தாததும் ஒரே கையால், ஒரே நாளில், ஒரே ஊடகத்தில் வளர வேண்டும். திருத்தியதும் கோளாறு மறைந்தால் அந்தக் கோளாறுக்கு அந்தப் பிழைதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். நலமான செல்லில் பிழையை வேண்டுமென்றே புகுத்திப் பார்ப்பது எதிர்த்திசைச் சோதனை. ஒரே நலமான செல் வரிசையில் அல்சைமரும் அதை ஒத்த நோய்களும் தொடர்பான நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்களைத் தனித்தனியாகப் புகுத்தி எல்லா ஆய்வகங்களுக்கும் தரும் பெருந்திட்டம் ஒன்றை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் எடுத்து நடத்துகிறது. இந்தத் துறைக்கு நடந்த நல்லவற்றுள் அதுவும் ஒன்று.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஸ்டெம் செல்களைத் தொடர்ந்து வளர்க்கும்போது சிலவற்றில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டிப்பாகிவிடும். இது உலகெங்கும் பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நடப்பது. அந்தப் பகுதியில் செல் சாவதைத் தடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அதனால் அந்தச் செல்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகித் தட்டையே நிறைத்துவிடும். கண்ணுக்குப் பார்க்க அழகான, செழிப்பான செல்கள். நாமோ நரம்பணு ஏன் சாகிறது என்று ஆராய்கிறோம்! சாவை மறுக்கும் செல்லில் அந்த ஆராய்ச்சியைச் செய்தால் எந்த மருந்தும் அற்புத மருந்தாகத் தெரியும். குரோமோசோம் சோதனையைச் செலவு என்று தள்ளிப்போடும் ஆய்வகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் ஆய்வகத்தில் செல்களை எண்ணுகிறவருக்குத் தட்டின் அடையாளம் தெரியாது. வேறொருவர் குறியீட்டு எண்களை ஒட்டித் தருவார். எண்ணி முடித்துக் கணக்கைப் பதிந்த பிறகுதான் எது நோயாளியுடையது என்று திறந்து பார்ப்போம். எத்தனையோ "வேறுபாடுகள்" இந்த இடத்தில் காணாமல் போகின்றன. போகட்டும். இதனால்தான் சித்தப்பா ரத்தம் கொடுக்க முன்வந்தபோது, அது எங்கள் ஆய்வகத்துக்கு வர வேண்டாம், வேறிடத்துக்குப் போகட்டும் என்று நானே சொன்னேன். எண்ணை மறைக்கலாம், அவர் செல்கள் அந்த அலமாரியில் இருக்கின்றன என்ற நினைப்பை மறைக்க முடியாது. ஒரு தட்டில் நரம்பணுக்கள் சற்று நன்றாக இருந்தால், இது அவருடையதாக இருக்கக்கூடாதா என்று மனம் ஏங்கும். அந்த ஏக்கத்தோடு நுண்ணோக்கி முன் உட்கார்ந்து எண்ணுவது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம்.

வயது என்ற சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. ஏ.எல்.எஸ்., பார்க்கின்சன், அல்சைமர் எல்லாம் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வருபவை. 82 வயதுத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பும்போது அதன் வயதும் அழிந்துபோகிறது. அதிலிருந்து பிறக்கும் நரம்பணு, கருவிலிருக்கும் சிசுவின் நரம்பணுவைப் போன்றது. இதனால் சிலர் இந்த முறையையே ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இளம் செல்லிலேயே ஒரு கோளாறு தெரிகிறது என்றால், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடித்தளம் இடப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தொடக்கத்தைத் தேடுகிறவர்களுக்கு அது குறையாகாது. ஆனால் வயதே நோயின் பங்காளியாக இருக்கும் இடங்களில் இந்தச் செல் ஊமையாக இருக்கும். அங்கே வேறு வழி: ஸ்டெம் செல் கட்டத்துக்கே போகாமல், தோல் செல்லை நேரடியாக நரம்பணுவாக மாற்றுவது. அப்படி மாற்றினால் வயதின் தடங்கள் தங்குகின்றன என்று 2015-இல் ஃபிரெட் கேஜ் குழு காட்டியது. பரம்பரையாக வரும் மூளைச் சிதைவு நோயான ஹண்டிங்டனில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. நோயாளிகளின் தோலிலிருந்து நேரடியாக மாற்றிய நரம்பணுக்களில் நோய்ப் புரதம் திரண்டிருந்தது. அதே செல்களை ஸ்டெம் செல்லாகத் திருப்பிவிட்டு வளர்த்தால் திரளவில்லை. இந்த முறையில் கிடைக்கும் செல்கள் குறைவு, பெருகவும் பெருகாது. கேள்வியைப் பொறுத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நரம்பணு தனியாக வாழ்வதில்லை என்பதும் உண்மை. எஸ்.ஓ.டி.1 பிழையுள்ள துணைச் செல்களோடு சேர்த்து வளர்த்தால் நலமான மனித இயக்க நரம்பணுக்கள்கூடச் சாகின்றன என்று 2008-லேயே இரண்டு குழுக்கள் காட்டின. 2013-இல் மெடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் மூளைத் திசுவைப் போன்ற முப்பரிமாண உருண்டைகளை வளர்த்துக் காட்டியதிலிருந்து ஆர்கனாய்டு பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. அவற்றை "குட்டி மூளை" என்று எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம். ரத்தக் குழாய் இல்லாததால் நடுப்பகுதி செத்துப்போகும் திசு உருண்டைகள் அவை. இருந்தாலும் ஸிகா வைரஸ் பரவிய 2016-இல், அந்த வைரஸ் கருவின் எந்த மூளைச் செல்களைத் தாக்குகிறது என்பதைச் சில மாதங்களில் காட்டியவை ஸ்டெம் செல் வழி வந்த இந்தச் செல்களும் உருண்டைகளும்தான்.

மருந்துகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நரம்பணுக்கள் தட்டில் அளவுக்கு மீறி மின்துடிப்பு காட்டுவதை 2014-இல் கண்டார்கள். அப்போது வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவந்த ரெட்டிகாபின் என்ற மருந்து அதை அடக்கியது. எலிச் சோதனையைத் தாண்டி நேரே 65 நோயாளிகளிடம் சோதித்து, அவர்களுடைய நரம்பணுக்களின் மிகைத் துடிப்பும் குறைகிறது என்று 2021-இல் காட்டினார்கள். தட்டில் பார்த்தது மனிதரில் நடந்தது. நோயின் வேகம் குறைகிறதா என்று அறியும் அளவுக்கு அது பெரிய சோதனை அல்ல. ஜப்பானில் ஹிடேயுகி ஒகானோ குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை நோயாளிகளின் நரம்பணுக்களில் சோதித்து, பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் ரோபினிரோலைத் தேர்ந்தெடுத்தது. 20 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. நம்பிக்கை தருகிறது, 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்தேதான் என் தங்கையிடம் சொன்னேன். அவள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்ள விரும்பினாள். இரண்டாவது பாதியையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய நோய் உள்ள குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், நோயில்லாத அண்ணன் தம்பி அக்கா தங்கையிடமும் கேட்பார்கள். "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, நான் எதற்கு?" என்று விலகிவிடாதீர்கள். 2009-இல் எஸ்.எம்.ஏ. நோயுள்ள குழந்தையின் நரம்பணுக்கள் முதலில் நன்றாகப் பிறந்து பிறகு நலிவதைக் கண்டறிந்தபோது, பக்கத்துத் தட்டில் இருந்தவை நோயில்லாத அவனுடைய தாயின் நரம்பணுக்கள். அவை இல்லாமல் "நலிகிறது" என்று சொல்லியிருக்கவே முடியாது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். உங்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பார்களா? பரம்பரை நோய்க்கான பிழை தெரியவந்தால் உங்களுக்குச் சொல்வார்களா? அறிந்துகொள்ள விரும்பவில்லை என்றால் அதைக் குறிக்கப் படிவத்தில் இடம் இருக்கிறதா? செல்களை நிறுவனங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் கொடுப்பார்களா? கடைசியாக, மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பொதுவாக, உறைகலத்தில் இருக்கும் குப்பிகளை அழித்துவிடலாம். ஏற்கெனவே மற்ற ஆய்வகங்களுக்குப் போய்விட்ட செல்களையும், கட்டுரைகளில் வந்துவிட்ட தரவுகளையும் திரும்பப் பெற முடியாது. இதை மழுப்பாமல் நேரடியாகச் சொல்லும் ஆய்வகத்துக்கே உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள்.